மக்கா எப்ப எந்திரிச்சுப் போச்சு?

உக்காருங்க, உக்காருங்க! பேச்ச நிறுத்துங்கப்பா, கத ஓடிரும்.

ஈசாக்கு மரைக்கார் நம்ம கரையிலேருந்து கப்பலேறி பாக்தாதுக்குப் போனாரு. மூட்டைல ஒரு தொழுகைப் பாய், ஒரு தத்துவப் புத்தகம், சூரியன அளக்குற பித்தளை வட்டம். எறங்குன அன்னிக்கே சாயங்கால அசர் தொழுகை நேரம் முடியப் போவுது.

தொழுகைப் பாய் பதறிச்சு. "மேக்க பாத்து விரிங்க! மக்கா மேக்கதான்!"

புத்தகம் தொண்டையக் கனைச்சுது. "பொறுங்க பாயக்கா. திசைன்னா என்ன? மொதல்ல அத..."

"நீ முடிக்கிறதுக்குள்ள பொழுதே முடிஞ்சிரும்யா!"

மரைக்கார் பித்தளைய எடுத்துச் சூரியன அளந்தாரு. நேரம் மிச்சம் இருந்துச்சு, மக்கா இருக்குற திசையும் தெரிஞ்சுச்சு. பாயத் தெக்குப் பக்கமாத் திருப்பி விரிச்சுத் தொழுதாரு. பாய்க்கு அப்பாடான்னு இருந்துச்சு. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"எங்கூர்ல மேக்க இருந்த மக்கா எப்பய்யா எந்திரிச்சுத் தெக்க போச்சு?"

அதுவரைக்கும் வாயே தொறக்காத பித்தளை சொல்லிச்சு: "அது அங்கயேதான் இருக்கு. நீதான் கப்பலேறி வந்துட்ட."