மாறுவேடத்தில் வந்த போதகர்

மறுநாள் ஞாயிறு, யாரும் கண்டிராத புதிய போதகர் பொறுப்பேற்கும் நாள். ஆலயப் படியில் கந்தலோடு படுத்திருந்தவரை விரட்டச் சபைச் செயலர் ஞானசிகாமணி கையோங்கினார். மணியடிக்கும் பாக்கியசிங் குறுக்கே ஓடிவந்தார்.

"பைய, அண்ணாச்சி! நாளைக்குப் பொறுப்பேற்க வர்ற புது ஐயர் மாறுவேஷத்துல வந்து நம்ம சபையச் சோதிப்பாராம்லா!"

ஓங்கிய கை குவிந்தது. வெந்நீர் வந்தது, கோடி வேட்டி வந்தது, கறிக்குழம்போடு சோறும் வந்தது.

"எங்கன தங்கியிருக்கீய?"

"வண்ணார்பேட்டை பாலத்துக்கு அடியில."

"என்னே தாழ்மை!" என்று உருகிய செயலர், ஆலயப் பின்னறைச் சாவியை அவர் கையில் வைத்து, "இனி இது உங்க வீடு" என்றார்.

காலையில் புதிய போதகர் காரில் வந்திறங்கினார்.

செயலர் பாக்கியசிங்கைத் தனியே இழுத்தார். "அப்ப அவரு யாருலே?"

"வீடில்லாத சுடலைமுத்து. மூணு மாசமா அவருக்காக நான் கேட்டும் நீங்க தராத சாவி அது."

"மாறுவேஷம்னு புளுகுனியேலே!"

"ஐயருன்னதுதான் புளுகு, அண்ணாச்சி. பசிச்சவன் வேஷத்துல யாரு வருவாருன்னு வேதத்துல நீங்கதான வாசிச்சீய?"

செயலர் விடுவிடுவென்று பின்னறைக்கு நடந்தார். பாக்கியசிங் பதறிப் பின்தொடர்ந்தார்.

கதவைத் தட்டிய செயலர் சொன்னார்: "ஆராதனை முடிஞ்சதும் நம்ம வீட்டுல சாப்பாடு, அண்ணாச்சி. ஐயரும் உங்ககூடதான் உக்காருவாரு."