மணல் ஆற்றுக்கு இக்கரையில்

“பாப்பா, உங்க பழைய பிக்கப் ஓடுதா?”

அடுத்த ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் நடந்து வந்த லோமுரியா என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார்.

அப்பா தேநீர் கொடுத்தார். “உங்ககிட்டயும் இதே வண்டிதானாமே, அண்ணே?”

“ஆமா. அதுவும் படுத்துடுச்சு.”

அப்பாவும் அதே சிரிப்பைச் சிரித்தார். “அப்போ அதோட ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல்சக்கரத்தைக் கொடுங்க. நைரோபியிலகூட கிடைக்கல. நாலு சக்கரமும் இழுக்கலேன்னா மணல் ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. இவ அம்மா வயித்துல குழந்தை குறுக்கே கிடக்குதாம்.”

லோமுரியா கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கும் அதுதான் உடைஞ்சிருக்கு, தம்பி. உங்க வண்டியில கழட்டிக்கலாம்னு ஸ்பானரோட வந்தேன்.”

உள்ளே அம்மா முனகினாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.