மையில் என்ன இருந்தது

மூன்றாம் முறையும் அதே முடிவுதான் வந்தது.

ஈயம் இல்லை. காட்மியம் இல்லை. பாதரசம் இல்லை. நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன என்று சொல்லவே முடியாத அளவு.

ஆய்வகத்துக்காரி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

எந்த மாதிரியையும் இரண்டு முறை சோதிப்பதுதான் அங்கே வழக்கம். மூன்றாவது முறை அந்த அம்மாவுக்காகச் செய்தது. ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

அந்த அம்மா ஒரு தையல்காரர். போன வாரம் பச்சை குத்தும் மைக்குப்பிகள் ஐந்தை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பேசி முடிக்கும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

எங்க வீட்டுப் பொண்ணு என்றார். மணிக்கட்டில் ஒரு சின்ன இலை குத்திக்கொண்டாளாம். நாற்பதாம் நாள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஏன் என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பெண்ணைப் பறிகொடுத்தவருக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் வேண்டாமா? மையில் விஷம் இருந்தால் குத்தியவனைப் பிடித்து உலுக்கலாம், விற்றவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஒன்றுமே இல்லை என்று சொல்லி எப்படி வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவது?

சொன்ன நேரத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் அந்த அம்மா.

கவிழ்த்து வைத்த தாளின்மேல் கையை வைத்தபடி ஆய்வகத்துக்காரி சொன்னாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. தேடினதுல ஒண்ணுமே கிடைக்கல. அவங்க எதனால போனாங்கன்னு இந்தத் தாள் சொல்லாது. கிட்னியைக் கெடுக்கிற உலோகம் எதுவும் இந்த மையில இல்லைன்னு மட்டும்தான் சொல்லும்.”

“நிச்சயமா?”

“மூணு தடவை பார்த்துட்டேன்.”

அந்த அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

தண்ணீர் எடுக்க எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, இருவருக்கும் நடுவே மேசையில் வைத்தார்.

“நான் சொன்னா நம்பமாட்டான். நீங்களே சொல்லுங்கம்மா. குத்திவிட்டது என் பையன். அவ என் மருமக.”

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

ஆய்வகத்துக்காரி தாளைத் திருப்பினாள். முதல் வரியிலிருந்து, அவசரப்படாமல், ஒவ்வோர் உலோகத்தின் பெயராகப் படித்தாள். ஐந்து குப்பிக்கும் படித்து முடித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“இன்னொரு தடவை முதல்லேர்ந்து படிக்கிறீங்களா?”