ஆறாவது குவளை

தானே மாட்டிய சுவர்விளக்கைத் தானே கழற்றிக்கொண்டிருந்தான் நெவில். திருகாணி அசையவில்லை. பொறுமையிழந்து ஒரு இழுப்பு இழுத்ததில், புதுச் சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது.

முந்நூறு வருஷத்து 'மூன்று லாடம்' மதுவிடுதியை, வெளியூரிலிருந்து வந்து குத்தகைக்கு எடுத்து, பதினெட்டு மாதம் பாடுபட்டுப் புதுப்பித்தவன் அவன். செங்கல் வைத்து அடைத்திருந்த, குளிர்காயும் பழைய கணப்பைத் திறந்தான். ஆடிய பெஞ்சுகளுக்குக் கால் மாற்றினான். சுவர்க்கடிகாரத்தை நகரத்துக்கு அனுப்பி, ரேடியோ மணியோடு பிசகாமல் ஓட வைத்தான்.

திறப்பு நாளன்று, மேட்டுக் கிராமத்து வாடிக்கைக்காரர்கள் ஆறு பேரும் வந்தார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று கைகுலுக்கிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அதோடு சரி.

மூன்று வாரமாகக் குடிக்க ஒருவரும் வரவில்லை. கொக்கியில் தொங்கிய தங்கள் சொந்தக் குவளைகளை மட்டும், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துப் போனார்கள். இந்த மாதமும் கடை இப்படியே கிடந்தால் குத்தகை ரத்து, கட்டடத்தை வீடாக விற்றுவிடுவோம் என்று விடுதியின் உரிமையாளரான பீர் கம்பெனி எழுதியிருந்தது.

கதவு திறந்தது. ஆம்புரோஸ் கிழவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கொக்கிப் பக்கம் போனார். மிச்சமிருந்த ஒரே குவளை அவருடையது.

நெவில் குறுக்கே போய் அதன்மேல் கை வைத்தான். "விளக்கு பிடிக்கலையா? இதோ கழட்டிட்டேன். கணப்பையும் மறுபடி அடைச்சிடறேன். பெஞ்சு ஆடணுமா, ஆட வைக்கிறேன். என்ன தப்புன்னு சொல்லித் தொலைங்களேன் பெரியவரே."

"தப்பா? எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. சொல்லாம குவளை கிடையாது."

அந்தப் பக்கத்தில், முகத்துக்கு நேரே குறை சொல்வது குறையைவிடப் பெரிய குற்றம். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"திறப்பு அன்னிக்கு பஸ் போயிடுச்சு. ஆறு பேரும் மழையில நாலு மைல் ஏறினோம். கோர்டன் பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தான். இன்னொரு ரவுண்டு விக்கறதுக்காகக் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வெச்சியே, நியாயமா?"

"நானா?" நெவில் ரேடியோவைத் திருப்பினான். பகல் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கியது. சுவரில் இரண்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. "பாருங்க. சரியா ஓடுது."

"சரியாத்தான் ஓடுது" என்றார் கிழவர் மெதுவாக. "நாப்பது வருஷமா, அதுல ஒன்பதே காலானாத்தான் எழுந்திருப்போம். ஒன்பது பத்துக்கு பஸ்."

"ஒன்பதே காலுக்கு எழுந்து, ஒன்பது பத்து பஸ்ஸை எப்படிப் பிடிப்பீங்க?"

"பழைய முதலாளி எங்களை நேரத்தோட கிளப்பறதுக்குன்னே பத்து நிமிஷம் கூட்டி வெச்சிருந்தாரு. ஊருக்கே தெரியும். உனக்கு ஒருத்தனும் சொல்லலையா?"

நெவில் குவளையிலிருந்து கையை எடுத்தான். கிழவர் அதைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. கடிகாரத்தை மட்டும் பழையபடி கெடுத்து வை."