டயரைப் பார்க்கச் சொன்ன மேடம்

வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய கதை இது. ஆனால் அவசரப்படக் கூடாது. சிரிப்பு நாலு மாடி இறங்கி வரணும்.

பையனுக்குப் பதினாறு வயசு. வீட்டில் அவன் பேர் ரேடியோ. யார் குரலும் அவன் தொண்டைக்குள் இருக்கும். காலையில் பள்ளி வேன் ஹார்ன் அடித்ததும், நாலாம் மாடி ஜன்னலில் நின்று, பள்ளித் தலைமையாசிரியை பெரிய மேடத்தின் குரலில் டிரைவருக்கு ஃபோன் போடுவான்.

"டிரைவர்! பெரிய மேடம் பேசறேன். வண்டியை எடுக்காதீங்க. நாலு டயரையும் பாருங்க. சீட்டையெல்லாம் எண்ணுங்க!"

"சரிங்க மேடம்!"

மேலிருந்து வேனின் கூரையும், டயரைத் தட்டும் வழுக்கைத் தலையும்தான் தெரியும்.

"வெட்கமா இல்ல? அப்பா வயசு மனுஷனை இப்படியாடா ஆட்டி வைப்பே?" என்பாள் அம்மா.

"எட்டே நிமிஷம்மா. குட்டி இறங்கிடட்டும்."

குட்டி அவன் தங்கை. மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் மான் மாதிரி துள்ளுவாள். காலையில் மட்டும் இரண்டு முட்டியும் மரக்கட்டை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவாள். தூக்கினால் அழுவாள்.

வேன் ஒரு நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்காது. பெரிய மேடத்தின் சட்டம். அம்மா போய்க் கெஞ்சியும் மேடம் மசியவில்லை. குட்டியை இரண்டு தடவை விட்டுவிட்டே போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த ஃபோன்.

"ரத்தத்துல காவல் காக்கிற அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும்" என்றார், குட்டியின் முட்டியைச் சோதித்த டாக்டரம்மா. "இவளுக்கு அது தப்பாப் போகுது. எதிரியே இல்ல. ஆனா 'முட்டியில எதிரி!'ன்னு சேதி வரும். மொத்தப் படையும் அங்க போய் இறங்கிடும். முட்டி வீங்கிடும்."

ரேடியோ வாயைப் பிளந்தான். கண்ணுக்கே தெரியாத பொடிசு, ஒரு பொய்ச் சேதியில் ஒரு படையையே கிளப்புகிறதே! நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதே!

"அதோட வாயை அடைக்க முடியாதா டாக்டர்?"

"கேட்கிற காதை அடைக்க ஊசி இருக்கு. போட்டுப் பார்ப்போம்."

ஒன்பது வாரம் ஊசி போட்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, வழக்கம்போல ஹார்ன் அடித்தது. "டிரைவர்! பெரிய மேடம் பேச..."

படியில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தான். குட்டி வேன் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக் கையாட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை!

யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்தில், ஒரு பொய் அடங்கிப்போயிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஃபோனை அணைக்கக்கூடத் தோன்றாமல், மூன்று மூன்று படியாகத் தாவி ஓடி, வேன் கதவைப் பிடித்தான்.

உள்ளே இருபது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. டிரைவரின் ஃபோன் ஸ்பீக்கரில் அவனுடைய மூச்சிரைப்பே கேட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் கைப்பையோடு, பெரிய மேடம்.

"மே... மேடம்! நீங்க எப்பலேர்ந்து இந்த வேன்ல..."

"பள்ளிக்கூடம் திறந்த நாள்லேர்ந்து."

மேடம் டிரைவரின் ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"இன்னைக்கு டயரைப் பார்க்க வேண்டாங்களா, மேடம்?"