தையல் வேலை

ஈழப் போர் முடிந்து மூன்றாம் வருடம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வேலை ஆலோசனை நிலையம்.

“இயக்கத்திலை இருந்த பத்து வருஷத்துக்கும் ‘தையல் வேலை’ எண்டு லிங்க்ட்இன்னிலை போடுவம், அக்கா,” என்றாள் ஆலோசகர் நிரஞ்சலா.

வேலை தேடி வந்திருந்த செந்தூரி மேசையில் ஓங்கி அடித்தாள். “முப்பது பேருக்குப் பொறுப்பாளரா இருந்தனான். எனக்கு ஊசியிலை நூல் கோக்கவும் தெரியாது!”

“உண்மையைப் போட்டா ஒருத்தரும் வேலைக்கு எடுக்கமாட்டினம்.”

“ஹீற்றர் போட்ட அறையிலை இருந்து பொய் எழுதிற உமக்கு எங்கடை சண்டையைப் பற்றி என்ன தெரியும்?”

நிரஞ்சலாவுக்கும் கோபம் ஏறியது. கணினித் திரையை வெடுக்கென்று திருப்பித் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவளுடைய படத்துக்குக் கீழே இருந்தது: ‘1999 முதல் 2009 வரை, தையல் வேலை, கிளிநொச்சி.’

“எனக்கும் நூல் கோக்கத் தெரியாது, அக்கா.”