படங்கின் நாலு மூலை

"மாத்தளைக்கு, எங்க அம்மா வீட்டுக்கே போறேன்" என்று சொன்ன வாய்க்குத்தான் முதல் அடி. ஜெயந்தினியின் உதடு கிழிந்திருக்கிறது. புருஷன் வீசிய சட்டியின் பருப்பு சுவரில் இன்னும் வழிகிறது. மோகனராஜ் மறுபடி கையை ஓங்குகிறான். அந்நேரம் பார்த்துத் தகரக் கூரையில் பொட்டென்று ஒரு துளி விழ, ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. "மிளகு!" இருவருமே கத்துகிறார்கள். வருஷத்து மிளகு முழுக்க வாசலில் விரித்த சாக்குப் படங்கில் காய்கிறது. ஓடிப்போய் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து ஒரே மூச்சில் தூக்குகிறார்கள். வருஷக்கணக்கான பழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கன்னங்கரேலென்று மிளகு நடுவில் குவிகிறது. அதற்கு மேலே இருவர் மூச்சும் ஒன்றோடொன்று முட்டுகிறது. மழை சடசடவென்று இறங்க, அவன் அவள் உதட்டையே பார்க்கிறான். துடைத்துவிடப் போகிறான் என்று ஒரு கணம், ஒரேயொரு கணம், அவளுக்கு நெஞ்சு இளகுகிறது. "மிளகுல ரத்தம் விழுது பாரு. மூஞ்சியத் திருப்பு" என்கிறான். ஜெயந்தினி திருப்பவில்லை. அவன் கண்ணைப் பார்த்தபடியே தன் பக்கத்து இரண்டு மூலைகளையும் விட்டுவிடுகிறாள். மிளகு சரசரவென்று கொட்டி, மழைத்தண்ணியோடு வாசலோரக் கான் வாய்க்காலில் இறங்கி ஓடுகிறது.